துணிக்கொடி பார்த்துத் தண்ணீர் விட்டவர்

கங்கா நகரில் தெருக்களுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். காவிரி, யமுனை, நர்மதை, கோதாவரி என்று மொத்தம் ஆறு தெரு. செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, பாலாற்றுப் பக்கமாக ஒதுங்கியிருந்த மனைப்பிரிவு அது. நாங்கள் குடித்ததும் குளித்ததும் தெருக்கோடிக் கிணற்றில் ஊறின பாலாற்றுத் தண்ணீர். ஆனால் பாலாற்றுக்கு மட்டும் தெரு கிடையாது. பக்கத்திலேயே இருப்பதற்கு எதற்குப் பெயர் என்று விட்டிருப்பார்கள்.

நூற்று நாற்பது வீடு. பாதிப் பேர் அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆபீஸ் பஸ்ஸில் போகிறவர்கள். மீதிப் பேர் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு சென்னைக்குப் போகிறவர்கள். நகராட்சிக் குழாய் எங்களை எட்டவில்லை. எங்கள் கிணறு, எங்கள் மோட்டார், எங்கள் மேல்நிலைத் தொட்டி, எங்கள் குடியிருப்போர் சங்கம். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் சாலமோன்.

அவருக்குப் பதவி பம்ப் ஆப்பரேட்டர். 'மோட்டார்காரர்' என்றால்தான் நகரில் தெரியும். அவருடைய அப்பா இதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். தொண்ணூற்றொன்றில் நிலம் மனையானபோது சாலமோன் எல்லைக் கல் ஊன்ற வந்தார். அதற்கு முன்னால் செங்கல் சூளையில் இருந்திருக்கிறார், மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்களுக்குக் கல் இறக்கியிருக்கிறார். கல் ஊன்றினவரை வாட்ச்மேனாக வைத்தார்கள். தொண்ணூற்று நாலில் தொட்டி எழும்பியதும் வாட்ச்மேன் மோட்டார்காரர் ஆனார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. அதில் அவர், மனைவி ஜெசிந்தா, பத்தாவது படிக்கிற மகள் சிநேகா. வேலை இருந்தால் அறை, இல்லாவிட்டால் அறையும் இல்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் கோடையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தினமும் காலை பத்து மணிக்குச் சாலமோன் தொட்டி மேல் ஏறுவார். பத்து நிமிஷம் நிற்பார். ஆறு தெருவையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். இறங்கிவிடுவார். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவே மாட்டார்.

அப்படியானால் எதைப் பார்க்கிறார்?

ஆளுக்கொரு பதில் இருந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்றார்கள் காவிரி தெருவில். வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்கிறார் என்று யமுனை தெருவிலிருந்து சங்கத்துக்குப் புகார் போயிற்று. காற்று வாங்குகிறார் என்றது கோதாவரி. அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

எனக்கு உயரம் ஆகாது. இருந்தும் ஒரு நாள் இரும்பு ஏணியைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

"இன்னா பாக்கறன்னு நகரே பேசிக்கினு கீது," என்றார் சாலமோன், என் கையைப் பிடித்து மேலே இழுத்தபடி. "மேல ஏறி வந்து கேட்டது நீங்க ஒருத்தர்தான் சார். கீழ பாக்காதீங்க."

"நீங்க எதைப் பாக்கறீங்க?"

"துணி."

கை நீட்டிக் காட்டினார். நூற்று நாற்பது மொட்டை மாடி. எல்லாவற்றிலும் கொடி, கொடியில் துணி.

"யமுனா தெரு மூணாவது வூடு பாருங்க. நேத்து வரிக்கும் ரெண்டு சட்ட, ஒரு பொடவ. இன்னிக்கு அஞ்சு பொடவ, பசங்க டவுசர் நாலு. ஆளுங்க வந்துகீறாங்க. அந்தத் தெருவுக்கு இன்னிக்கு பத்து நிமிசம் சேத்து வுடணும். காவிரி தெரு கோடி வூடு ரெண்டு நாளா வெறுங்கொடி. பூட்டிகினு ஊருக்குப் போய்ட்டாங்க. அங்க கொறச்சிக்கலாம்."

"அதோ, துண்டு துண்டா வெள்ளைத் துணி?"

"நர்மதா தெரு, உங்களுக்கு நாலு வூடு தள்ளி. வாடகைக்கு வந்துகீறாங்களே, நிதின்னு ஒரு தம்பி, ஹரிப்ரியான்னு அந்தப் பொண்ணு. கைக்கொழந்த. தண்ணி விசயத்துல ஒரு கொழந்த நாலு ஆளுக்கு சமம் சார்."

சாயந்திரம் நாலு மணிக்கு ஒவ்வொரு தெரு வால்வையும் திறப்பது அவர் வேலை. சங்கத்தின் விதிப்படி தெருவுக்கு நாற்பது நிமிஷம். அவர் ஒரு தெருவுக்கு இருபத்தைந்து விடுவார், இன்னொன்றுக்கு ஐம்பத்தைந்து. ஒன்பது வருஷமாக எங்களுக்குத் தண்ணீர் போதாமல் போனதே இல்லை. ஏன் என்று நாங்கள் யோசித்ததும் இல்லை.

சங்கத் தலைவர் பக்தவத்சலம் யோசிக்கிறவர். அணு ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய பொறியாளர். அங்கே ஆபத்து வந்தால் யார் எந்தக் கதவு வழியாகப் போவது என்பது வரைக்கும் எழுதி வைத்து, வருஷாவருஷம் ஒத்திகை பார்ப்பார்களாம். அந்தப் பழக்கத்தில் எங்கள் தொட்டியை அண்ணாந்து பார்த்திருக்கிறார். தண்ணீர் திடீரென்று நின்றால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல கேள்வி. அந்த வருஷம் பாலாறு மணல் மேடாகக் கிடந்தது. சென்னையில் குடம் வரிசையில் நின்றது. பதில் முப்பத்து நாலு பக்கத்துக்கு வந்தது. 'குடிநீர்த் தடைகால அவசரத் திட்டம்', சுருள் கம்பி போட்ட புத்தகம். மஞ்சள் நிலை, ஆரஞ்சு நிலை, சிவப்பு நிலை. லாரிக்காரரின் போன் நம்பர். தலைவர் ஊரில் இல்லாவிட்டால் யார், அவரும் இல்லாவிட்டால் யார்.

பத்தொன்பதாம் பக்கத்தில் சாலமோன் வருகிறார். 'பம்ப் இயக்குபவர்: சாலமோன் (தற்போதைக்கு)'.

அந்த அடைப்புக்குறிக்குக் காரணம் மார்ச் மாதம் மாட்டின தானியங்கி ஸ்விட்ச். தொட்டி குறைந்தால் மோட்டார் தானாக ஓடும். நிறைந்தால் தானாக நிற்கும். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரை நிறுத்துகிற இன்னொரு கருவியும் கடையில் காட்டினார்களாம். தனி விலை என்று பொதுக்குழு வேண்டாம் என்றுவிட்டது. இரண்டு மாதம் சோதனை. வால்வைக் கடிகாரம் பார்த்து யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஒத்திகை ஒழுங்காக நடந்துவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் நாலாவது தீர்மானம்: ஆப்பரேட்டர் வேலை ஒழிக்கப்படுகிறது, அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

சாலமோனைக் கூப்பிட்டுத் தலைவர் சொன்னதை நானே கேட்டேன். சங்க அலுவலகம் என் வீட்டு எதிரில்தான்.

"சோதனை முடியற வரைக்கும் நீ ஸ்விட்ச்ல கை வைக்கக் கூடாதுப்பா. வால்வும் எல்லாத் தெருவுக்கும் நாப்பது நிமிஷம். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். கை வச்சா டேட்டா கெட்டுப்போகும்."

"நான் துணி பாத்து வுடுவேன் சார்."

"துணியா? என்னப்பா இது, கிளி ஜோசியம் மாதிரி."

"சரி சார்," என்றார் சாலமோன். அவர் 'சரி சார்' சொன்னால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒத்திகை நாள் மே மாதம் இரண்டாவது ஞாயிறு. காலை ஆறு மணிக்கு விசில் ஊதுவார்கள். மோட்டார் நிற்கும், வால்வுகள் பூட்டப்படும். பன்னிரண்டு மணிக்கு மறுபடி விசில், இயல்பு நிலை. இதை விளக்கி எல்லா உறுப்பினர்களுக்கும் மூன்று நாள் முன்னதாகவே சுற்றறிக்கை போயிற்று. கடைசி வரி தடித்த எழுத்தில்: 'ஒத்திகையின் நம்பகத்தன்மை கருதி, யாரும் கூடுதலாகத் தண்ணீர் பிடித்து வைக்கக் கூடாது.'

இதைப் படித்ததும் நகரம் என்ன செய்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். மூளையைக் கொண்டு சம்பளம் வாங்குகிற நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து இருந்தும் இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் வால்வு திறந்ததும் கங்கா நகரில் ஒரு குழாய்கூட மூடியிருக்கவில்லை. அண்டா, குடம், பக்கெட், குழந்தையின் பள்ளிக்கூட வாட்டர் பாட்டில், போன வருஷப் பெயின்ட் டப்பா. நான் நாலு பக்கெட்டும் ஓர் அண்டாவும். மற்றவர்களைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அன்று சாயந்திரம் ஆறு மணிக்குச் சாலமோன் தலைவர் வீட்டு கேட்டருகே நின்றார். என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வந்த நானும் நின்றேன்.

"சார், மேல பைப்பு வாய்ல தண்ணி வரல. காத்து வருது. கெணறு வத்திப்போச்சு. கோடைல ரெண்டு மணி நேரம் ஓட்னா ஒரு மணி நேரம் வுட்டு ஓட்டணும். இது நிக்காம ஓடிக்கினு கீது. ஆஃப் பண்ணட்டா?"

"தொட்டி நிறைஞ்சா அதுவே நின்னுக்கும்."

"ரொம்பாது சார். எல்லாரும் புடிச்சிகினு கீறாங்க."

"பிடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கோமே."

"போட்டீங்க சார்."

தலைவர் வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஏதோ பெரிய பாத்திரம். தலைவர் கதவைச் சாத்தினார். "ட்ரயல்ல கை வைக்காதே. அவ்வளவுதான்."

நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நடந்தோம். தலைவருக்குத் தெரியாமல் நிறுத்திவிட வேண்டியதுதானே என்றேன்.

"கைய வெச்சா வேல போவும். வெக்கலன்னா மோட்டார் போவும்." கொஞ்சம் நடந்தார். "மோட்டார் சங்கத்தோடது சார்."

ஞாயிறு விடியும்போது மோட்டார் போயிருந்தது. உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, காயில், எரிந்த நாற்றம் ரூமுக்கு வெளியே வந்தது. ஆறு மணிக்குத் தலைவர் விசில் ஊதி, ஓடாத மோட்டாரை நிறுத்தச் சொன்னார். ஏற்கெனவே நின்றுவிட்டது என்று சாலமோன் சொன்னார். ஒத்திகைக்குள்ளேயே ஒரு நிஜம் புகுந்துவிட்டதை ஏற்றுக்கொள்ளத் தலைவருக்கு மத்தியானம் ஆனது. பன்னிரண்டு மணி விசிலுக்குப் பிறகு அவரே பச்சைப் பொத்தானை நாலு முறை அழுத்திப் பார்த்தார்.

செங்கல்பட்டில் காயில் கட்டுகிற கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. திங்கள் கொடுத்தால் செவ்வாய் கிடைக்கும். திட்டத்தில் இருந்த லாரி நம்பருக்குப் போன் போட்டார்கள். கடற்கரைச் சாலை ஓட்டல்களுக்கே ஓட்ட லாரி இல்லை, புதன்கிழமை பார்க்கலாம் என்று பதில். தொட்டியைத் தட்டிப் பார்த்தால் வெற்று அண்டா மாதிரி சத்தம்.

ஒரு மணிக்குத் தொட்டி அடியில் அவசரக் குழு கூடியது. தலைவர் சிவப்பு நிலைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நிதின் காலிக் குடத்தோடு வந்தான்.

"தண்ணி எப்ப சார் வரும்? குழந்தைத் துணியெல்லாம் அலசிப் போட்டேன், வீட்டு டேங்க் காலி. பால் பாட்டில் கழுவக்கூட இல்ல."

"சுற்றறிக்கை பாக்கலையா?"

"என்ன சுற்றறிக்கை?"

சுற்றறிக்கை உறுப்பினர்களுக்குப் போனது. உறுப்பினர் என்றால் வீட்டுச் சொந்தக்காரர். வாடகைக்காரர்களின் சொந்தக்காரர்கள் பெங்களூரிலும் மஸ்கட்டிலும் இருந்தார்கள். அவர்களுக்குத் தபாலில் அனுப்பப்பட்டிருந்தது. மஸ்கட்டில் யாரோ ஒருவர் அன்று தண்ணீர் பிடிக்காமல் இருந்திருப்பார்.

"எத்தனை வாடகை வீடு இருக்கு?" என்றார் தலைவர். யாருக்கும் தெரியவில்லை. திட்டத்தில் அந்தப் பட்டியல் இல்லை.

சாலமோன் ஏணியில் ஏறினார். யாரும் ஏறச் சொல்லவில்லை. மேலிருந்து குரல் வந்தது.

"நர்மதா ரெண்டு. காவிரில மூணு, யமுனாவுல ஒண்ணு, கோதாவரில நாலு, கடைசித் தெருவுல ஒண்ணு. மொத்தம் பதினொண்ணு."

"எப்படிப்பா சொல்றே?"

"எல்லார் வூட்டுக் கொடியும் காலி சார். நேத்துல இருந்து நீங்க யாரும் துணியே தொவைக்கல, தண்ணிய மிச்சம் பண்றீங்க. பதினொரு வூட்ல மட்டும் எப்பவும் போல தொவைச்சுக் காயப் போட்டுகீறாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க வூட்லதான் இப்ப தண்ணி இல்ல."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். தரையிலிருந்து ஒரு கொடியும் தெரியவில்லை. சாலமோன் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து தொட்டில இருந்த தண்ணி எங்கியும் போவல சார். வூட்டு வூட்டுக்கு பாத்திரத்துல கீது. வாங்கிக் குடுத்தா செவ்வாக்கெழம வரிக்கும் எல்லாருக்கும் ஓடும்."

"யார்கிட்ட இருக்கு? யாரும் பிடிக்கலையே," என்றார் ஒருவர். அதை அவர் முகம் மாறாமல் சொன்னார். நான் என் அண்டாவை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"எங்க வீட்ல ரெண்டு குடம் இருக்கும்," என்றார் தலைவர். "அதுவும் எப்பவும் வைக்கிறதுதான்."

அவர் மனைவி வசுமதி கொஞ்சம் தள்ளிக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"ரெண்டு டிரம், மூணு அண்டா, ஏழு குடம்," என்றார். "கிரைண்டர்லயும் ரொப்பி வச்சிருக்கு. முதல்ல அதை எடுத்துட்டுப் போங்க சாலமோன், நான் மாவு ஆட்டணும்."

தலைவர் புத்தகத்தை மூடினார். அதற்கப்புறம் எல்லோர் வீட்டிலும் தண்ணீர் இருந்தது தெரிய வந்தது. ஜெசிந்தா பழைய இரும்புக் கடையிலிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். சாலமோன் மிதிக்க, நிதின் பின்னால் தள்ள, ஜெசிந்தா வாசலுக்கு வாசல் குடம் வாங்கினார். வாங்கும்போது பேச்சும் வாங்கினார், கொடுத்தார்.

"குடத்துக்குப் பேர் போட்டுக்கோம்மா, மாறிடப் போவுது," என்றார் ஒரு வாசலில் நின்ற அம்மா.

"மாறுனா இன்னாக்கா, உள்ள இருக்கறது மாறவா போவுது."

முதல் நடை ஹரிப்ரியா வீட்டுக்குப் போனது. சாயந்திரத்துக்குள் பதினொரு வீட்டுக்கும் போய்விட்டது. என் அண்டா கோதாவரி தெருவில் யாரிடமோ இருக்கிறது, திரும்பி வரவில்லை. செவ்வாய்க்கிழமை மோட்டார் ஓடிற்று.

அடுத்த ஞாயிறு பொதுக்குழு. சிநேகா அறை வாசலில் உட்கார்ந்து புத்தகம் பிரித்து வைத்திருந்தாள், பக்கம் திருப்பவில்லை. ஜெசிந்தா இரண்டு நாள் முன்பே பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார். நாலாவது தீர்மானம் வந்தபோது ஒருவர் எழுந்து, தானியங்கியைச் சரி செய்தால் போதும், ஆள் எதற்கு என்றார். நியாயமான பேச்சுதான். தானியங்கி தொட்டியைப் பார்க்கும், யார் வீட்டில் குழந்தை இருக்கிறது என்று அது பார்க்காது என்றார் தலைவர். தோற்றதாகச் சொல்ல அவருக்குப் பிடிக்காது. 'தொழில்நுட்பக் காரணங்களால் தீர்மானம் கைவிடப்படுகிறது' என்று எழுதினார். ஜெசிந்தா சாக்கை அவிழ்த்தார்.

திட்டத்தின் இரண்டாம் பதிப்பு ஜூலையில் வந்தது. வாடகைக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். ஒத்திகைத் தேதி இனி முன்கூட்டிச் சொல்லப்படாது. பத்தொன்பதாம் பக்கத்தைத்தான் நான் முதலில் புரட்டினேன். அடைப்புக்குறி போயிருந்தது. கீழே புதிதாக ஒரு பத்தி: 'ஆப்பரேட்டர் தினமும் காலை பத்து மணிக்கு மாடிக் கொடிகளைப் பார்வையிட்டு, தெருவாரியாக விநியோக நேரத்தை நிர்ணயிப்பார்.'

எங்களைத் தெரிந்தவர் யாராவது இதை அச்சில் போடுவார்களா? ஒரே வாரத்தில் கங்கா நகர் மொட்டை மாடிகள் ஜவுளிக் கடை ஆகின. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒன்பது புடவை. கல்யாணமாகாதவர் கொடியில் குழந்தைச் சட்டை. காவிரி தெருவில் ஒருவர் பீரோவிலிருந்து பட்டு வேட்டியையே எடுத்துப் போட்டிருந்தார்.

மறுபடி ஏணி ஏறினேன். இந்த முறை ஏறும்போது கீழே பார்க்கவில்லை.

"இப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

சாலமோன் சிரிக்கவில்லை. "ஈரத்துணி காத்துக்கு கனமா அசையும். காய்ஞ்ச துணி படபடன்னு அடிச்சுக்கும். மாடியில ஏறி காய்ஞ்ச துணி போடறதுக்கு இவ்ளோ கஷ்டப்படறாங்க பாவம். நனைச்சுப் போட்டாத்தான் எனக்குத் தெரியாது. ஆனா நனைக்கறதுக்குத் தண்ணி போயிடுமே சார், அதுக்கு மனசு வராது."

அப்போதுதான் அவர் அறைப் பக்கம் பார்த்தேன். மூன்று பேர் குடும்பம். வெளியே ஒரு கொடிகூட இல்லை.

"உங்க வீட்டுத் துணி எங்கே?"

"மோட்டார் ரூமுக்குள்ள. சூட்டுல சீக்கிரம் காயும்." இறங்க ஏணியில் கால் வைத்தார். "நாங்க எவ்ளோ தண்ணி எடுக்கறோம்னு மேல இருந்து யாரும் பாக்க வேணாம் பாருங்க."